அச்சோவியமும் நிலையாமையும்

நிலையாமை என்பது சைவ நூல்களிற் பலகாலும் வற்புறுத்தப்படும் பொருள்களுள் ஒன்று. செல்வம் நில்லாது, இளமை நில்லாது, யாக்கை நில்லாது என்று பெரியோர் எடுத்தோதியது, உயிரானது உலகப் பற்றை விடுத்து முதல்வன் திருவடியைச் சார்தற்பொருட்டேயாம். ஆயினும், ஒரு நோய்க்கென்று கொடுக்கப்பட்ட மருந்தை வேறொன்றற்குப் பயன்படுத்தினால் அது நஞ்சாதலும் உண்டு. இக்காலத்து நிலையாமையுபதேசமும் அவ்வாறு பிறழப் பயன்படுத்தப்படுகின்றது. நிலவுலகம் வெம்மை மிகுந்து வருகின்றது, மழை பருவம் பிறழ்கின்றது, ஆறுகள் ஒருகால் வறண்டும் ஒருகால் கரைபுரண்டும் குடிகளை வருத்துகின்றன என்று எடுத்துரைப்பார்க்கு, ‘உலகம் தோன்றி நின்று அழிவதுதானே, அழிவது அழிதல் கண்டு அழுங்குதல் அறியாமை’ என்று விடை கூறுவார் நம்மிடையே உளர். அவ்விடை சித்தாந்தத்தோடு பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

இவ்வாராய்ச்சிக்கு அச்சோவியம் என்னும் கலையைத் துணையாகக் கொள்கின்றோம். தோன்றுவது, நிற்பது, தேய்வது, ஒடுங்குவது என்னும் நான்கும் ஒரு சிறு செப்புத்தகட்டின்மேல் கண்கூடாக நிகழ்வது அக்கலையிலேயாம். அதனை மேலைநாட்டிலும் போற்றும்படி வளர்த்தவருள் ஒருவர் நம் நாட்டுக் கிருஷ்ண ரெட்டி. அவர் புவியின் வெம்மையைக் குறித்து உபதேசஞ் செய்தார் என்று யாம் கூறவில்லை. அலையும் சுழியும் போல நில்லாது இயங்கும் பொருள்களைத் தம் தகடுகளில் ஆராய்ந்த அவரது தொழின்முறை, நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு நல்லதோர் உவமையாகின்றது என்றே கூறுகின்றோம்.

கலையின் இயல்பு

கிருஷ்ண ரெட்டி 1925-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டத்து நந்தனூர் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அம்மாவட்டம் அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்தது. அவர் சாந்திநிகேதனத்தில் நந்தலால் போசு என்னும் பேராசிரியரிடம் ஓவியம் பயின்று, 1947-இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் நடைபெற்றுவந்த கலாக்ஷேத்திரத்தின் ஓவியப் பகுதியைச் சில ஆண்டு தலைமைதாங்கி நடத்தினார். பின்னர் இலண்டனிலுள்ள சிலேடு கலைப்பள்ளியில் என்றி மூர் என்பாரிடம் சிற்பம் பயின்று, பாரிசு சென்று, ஸ்டான்லி வில்லியம் எய்ட்டர் என்பவர் 1927-இல் தொடங்கிய பட்டறையிற் சேர்ந்தார். ‘அத்தெலியே 17’ எனப் பெயர் பெற்ற அப்பட்டறைக்கு நாளடைவில் இணை இயக்குநருமாயினார். 1972-இல் இந்திய அரசினர் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கினர். பிற்காலத்து நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்து, 2018-இல் அந்நகரிலேயே காலமானார்.

அச்சோவியத்தின் செய்ம்முறையை அறியாதார்பொருட்டு அதனைச் சுருங்கக் கூறுவேம். ஓவியன் உலோகத்தகட்டின்மேல் அமிலம் தாக்காத மெழுகுபோன்ற பூச்சைப் பூசுகின்றான். கூரிய ஊசியால் அப்பூச்சைக் கீறி உருவை வரைகின்றான். தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சை அகற்றி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, நனைத்த தாளை அதன்மேலிட்டு அழுத்துபொறியின் உருளைகளுக்கிடையே செலுத்தினால், பள்ளத்து மை தாளில் ஏறி உருவமாகின்றது. தகட்டில் இடப்புறம் நிற்பது தாளில் வலப்புறமாகத் தோன்றும்.

பலநிறங்கள் வேண்டின் நிறத்திற்கு ஒரு தகடாகப் பல தகடுகளைச் செய்து ஒன்றன்மேலொன்றாகப் பதித்தலே முன்னையோர் வழக்கு. கிருஷ்ண ரெட்டியும் அவருடனிருந்தாரும் ஒரே தகட்டிற் பலநிறங்களையும் ஒருங்கே ஏற்றி, ஒருமுறை அழுத்திய அளவிற் பதிக்கும் முறையை வளர்த்தனர். தகட்டைப் பல ஆழங்களாக அரித்தும் செதுக்கியும் கொள்வர். ஆளிவிதை எண்ணெயை மிகுத்தும் குறைத்தும் மையின் பாகுநிலையை வேறுபடுத்துவர். எண்ணெய் மிக்க நெகிழ்ந்த மையை வல்லுருளையால் மேற்பரப்பில் ஏற்றி, எண்ணெய் குறைந்த இறுகிய மையை மெல்லுருளையால் தாழ்ந்த பரப்பிற்குச் செலுத்தினால், நெகிழ்ந்த மை நின்ற இடத்தில் இறுகிய மை பற்றாது விலகும். அதனால் நிறங்கள் ஒரு தகட்டில் உடனிருந்தும் தம்முட் கலந்து மயங்குவதில்லை. சிற்பியாதலின் அவர் தகட்டைப் பரப்பாக மட்டும் கருதாது, மேடும் பள்ளமும் உடையதொரு நிலம்போலவே கொண்டு வேலைசெய்தார். 1963-இல் அவர் செய்த ‘சுழி’ என்னும் அச்சோவியம் இம்முறைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகின்றது.

இனி, இத்தொழிலின்கண் உள்ள தேய்வை நோக்குவோம். ஒவ்வொருமுறை அழுத்தும்பொழுதும் தகடு சிறிது தேய்கின்றது. அமிலமின்றி ஊசியால் மட்டும் நேரே கீறிய கோடுகளிற் பிசிராக எழும் உலோகம், சில படிகளுக்குள்ளேயே மழுங்கிவிடும். மரப்பலகையில் செதுக்கிப் பதிப்பதிலும் இதுவே நிகழ்வது. சப்பான் நாட்டு ஒக்குசாய் என்பவர் 1831-ஐ யொட்டி வெளியிட்ட பேரலை ஓவியத்தின் முற்படிகளில் தெளிவாயிருக்கும் கோடுகள், பிற்படிகளில் இடையிடையே முறிந்து காணப்படுதலை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டுவர். ஆதலின் ஓவியன் இத்தனை படிகளே எடுப்பதென்று முன்னரே வரையறுத்து, படிதோறும் எண்ணிட்டு, கடைசிப் படி எடுத்தபின் தகட்டின் குறுக்கே கீறி அதனைத் தள்ளுபடி செய்துவிடுகின்றான். தான் அரும்பாடுபட்டுச் செய்த தகட்டைத் தானே அழிக்கின்றான். அவ்வழிப்பில் வெறுப்புமில்லை, இழப்புமில்லை. எடுக்கவேண்டிய படிகளெல்லாம் எடுத்தாயிற்று என்பதே அதற்குக் காரணம்.

உவமையும் பொருளும்

குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது நம் ஆசிரியர் காட்டும் நெறி. அம்முறையில் நோக்கின், மையும் தாளும் முதற்காரணமாகவும், தகடும் அழுத்துபொறியும் துணைக்காரணமாகவும், ஓவியன் நிமித்தகாரணமாகவும் அமைவர். உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம் என்று கொள்க. ஓவியன் ஓரிடத்து நிற்பான், முதல்வன் எங்கும் நிறைந்து நிற்பான். தகடு தேயும், சத்தி தேய்வதில்லை. ஆதலின் இவ்வுவமை ஒருபுடை யுவமையே. ஒப்புமையுள்ள பகுதியை மட்டும் கொண்டு மேற்செல்வோம்.

சிவஞானபோதத்து முதற்சூத்திரம், உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் தன்மையதென்றும், ஒடுக்கிய முதல்வனே மீளத் தோற்றுவிப்பவன் என்றும் நிறுவுகின்றது. ஈண்டு ‘ஒடுங்குதல்’ என்பதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். உள்ளது இன்மையாதல் சைவர்க்கு உடன்பாடன்று. கணந்தோறும் பொருள் முற்ற அழிந்து வேறொன்று தோன்றுமென்பது புத்தர் கொள்கை. உலகத்தை உள்ளதென்றும் இல்லதென்றும் கூறவொண்ணாத வெறுந்தோற்றமென்பது மாயாவாதிகள் கொள்கை. இவ்விரண்டையும் மறுத்து, காரியம் தன் காரணத்திற் சூக்குமமாய் ஒடுங்கி நிற்குமென்று கொள்ளும் சற்காரியவாதமே நமது. நம் நூல்கள் கூறும் நிலையாமை, பொருள் ஒருநிலையில் நில்லாது வேறுநிலை எய்துதலேயன்றிச் சூனியமாதல் அன்று.

சங்காரத்தை நம் ஆசிரியர் எங்ஙனம் கொண்டனர்? பிறந்து இறந்து உழன்ற உயிர்கள் இளைப்பாறுதற்பொருட்டு முதல்வன் உலகை ஒடுக்குகின்றான் என்றே கொண்டனர். படைத்தல் முதலிய ஐந்தொழிலும் அருளே என்பது துணிபு. ஓவியன் தன் தகட்டைத் தள்ளுபடி செய்வதனோடு இதனை ஒப்புநோக்குக. உயிர்கள் நுகர்ந்து பக்குவமுறுதற்குரிய தனு கரண புவன போகங்கள் தம் பயனை முடித்தபின் நிகழும் ஒடுக்கம் அது.

இனி, ஓவியன் நூறு படிகளென்று வரையறுத்து இருபதாம் படி எடுத்துக்கொண்டிருக்குங்கால், பிறனொருவன் பட்டறையுட் புகுந்து, செப்பை விற்றுக் காசாக்கும் ஆசையால் தகட்டை வெட்டினான் என்று வைத்துக்கொள்வோம். பிடிபட்டபொழுது அவன், ‘இத்தகடு எப்படியும் ஒருநாள் தள்ளுபடி செய்யப்படுவதுதானே, யான் செய்ததில் என்ன குற்றம்?’ என்று வினவினால், அவ்வினாவை எவரேனும் ஏற்பரோ? தகடு அழியும் என்னும் வாக்கியம் இருவர்க்கும் பொது. அழித்தவனது உரிமையும் நோக்கமும் காலமும் வேறு. ஓவியன் அழித்தது பயன் முடிந்தபின். கள்வன் அழித்தது பிறர்க்குரிய எண்பது படிகளைப் பறித்து. உலகம் நிலையாதென்று கூறி அதன் கேட்டிற்கு அமைதி தேடுவார் கூற்று, இக்கள்வன் கூற்றே என்பது எம் கருத்து.

திருமுக்கூடற் கல்

இது புதுவதாக யாம் கட்டிக்கொண்ட கருத்தன்று, நம் முன்னோர் ஒழுகிக்காட்டியது என்பதற்குப் பழையசீவரத்தின் எதிர்க்கரையிலேயே சான்றுண்டு. பழையசீவரம் காஞ்சிபுரம் மாவட்டத்திற் பாலாற்றங்கரையில் உள்ளது. அங்குப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. எதிர்க்கரையிலுள்ள ஊர் அக்கூட்டத்தாலேயே திருமுக்கூடல் எனப் பெயர் பெற்றது. கிருஷ்ண ரெட்டி பிறந்த சித்தூர்ப் பக்கத்து நீரைக் கொண்டுவரும் பொன்னையாறும் மேலே பாலாற்றிற் கலந்து, இவ்வூர்களைக் கடந்தே கடல் சேர்கின்றது.

திருமுக்கூடற் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. அவன் ஆட்சி 1063 முதல் 1070 வரை நிகழ்ந்தது. அக்கல்வெட்டு, ஆங்கு நடைபெற்ற வேதபாடசாலையையும், மாணாக்கர் விடுதியையும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலையையும் கூறுகின்றது. ஆதுலசாலை என்பது மருத்துவமனை. நோயாளிகட்குப் படுக்கை 15, மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்வார் ஒருவர், மருந்துச் சரக்குக் கொணர்வாரும், நோயாளிகளைப் பேணும் பெண்டிரும், பிற பணியாளரும் தனித்தனி. இவர்க்குரிய ஊதியமும், சேமித்துவைக்கும் மருந்துகளின் பெயரும், விளக்கிற்கு எண்ணெயும் அக்கல்லில் விரிவாக வரையப்பட்டன. கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதனை ஆராய்ந்து ‘எபிகிராபியா இந்திகா’வின் 21-ஆந் தொகுதியில் வெளியிட்டார்.

கல்வெட்டுக்களை ஆராய்வார் கைக்கொள்ளும் முறையும் ஒருவகை அச்சுப்பதிவே. கல்லைக் கழுவித் தூய்மைசெய்து, நனைத்த தாளை அதன்மேலொட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களில் தாளைப் படியச்செய்து, மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றுவர். மேட்டில் மை பற்றும். எழுத்து வெண்மையாய் நிற்கும். இதனை மைப்படி என்பர். கல் வெயிலினும் மழையினும் பொரிந்து உதிர்தற்கு உரியது. தாள் அதனினும் மெலியது. ஆயினும் மெலிய தாளில் எடுத்த படியால், சில இடங்களிற் கல்லே அழிந்தபின்னும் அதன் செய்தி வாழ்கின்றது. நிலையாதவற்றைக்கொண்டே நிலையாதவற்றை ஒருவர்பின் ஒருவராகக் காத்துத் தருதல் மக்கட்கு இயல்வது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இக்கல்லின் செய்தியை நம் வினாவோடு பொருத்தி நோக்குக. யாக்கை நிலையாமையை அறியாதவரா அவ்வூரார்? வேதம் ஓதும் சாலையை அருகிலேயே வைத்திருந்தவர் அவர். உடம்பு அழிவதென்று நாடோறும் ஓதியவரே, அழியும் உடம்பிற்கென்று 15 படுக்கை இட்டு, இரவு விளக்கிற்கு எண்ணெயும் வகுத்தனர். உடம்பு நில்லாதென்னும் உண்மை மருத்துவத்தை விலக்குமாயின் அவர் அங்ஙனம் செய்திரார். உடம்பு நில்லாமையாலேயே, நிற்கும் சிறுபொழுதில் அதனைப் பேணி உயிர்க்குப் பயன்படுத்துதல் வேண்டுமெனக் கண்டனர். உடம்பிற்கு ஒத்தது உலகத்திற்கும் ஒக்கும். தனுவைப் போலவே புவனமும் உயிர்க்கு முதல்வன் தந்த துணை.

எரிந்தது எங்கே போயிற்று?

இனி, உலகம் வெம்மையுறும் செய்தியைச் சற்காரியவாதத்தின் கண்கொண்டு நோக்குவோம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துவிட்டால் அவை இல்லாதொழிந்தன என்று உலகத்தார் எண்ணுகின்றனர். சாம்பலொழிய வேறொன்றும் எஞ்சாதது கண்டு அங்ஙனம் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 12 கிலோ கரி முற்ற எரிந்தால், காற்றிலுள்ள உயிர்வளி 32 கிலோ அதனோடு கூடி, 44 கிலோ கரியமிலவாயுவாகின்றது. கட்புலனுக்கு மறைந்தது எடையில் மிகுந்தே நிற்கின்றது. உள்ளது அழியாது, வேறுநிலை எய்தும் என்னும் நம் ஆசிரியர் கூற்றிற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

இவ்வாயு நிலத்தினின்று எழும் வெப்பம் வானிற்குச் செல்லாதபடி தகையும் இயல்பினது. இது மிகுந்தால் புவி வெம்மையுறும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியசு 1896-இலேயே கணித்துக் கூறினார். இயந்திரத் தொழில் பெருகுதற்கு முன்னர்க் காற்றிற் பத்துலட்சத்திற்கு ஏறத்தாழ 280 பங்காயிருந்த கரியமிலவாயு, 2024-இல் 420 பங்கிற்கு மேற்பட்டது. அவ்வாண்டின் புவிவெப்பம் 1850 முதல் 1900 வரையுள்ள காலத்துச் சராசரியினும் ஏறத்தாழ 1.55 பாகை மிகுந்ததென்றும், அளவெடுக்கத் தொடங்கிய நாள்முதல் அதுவே மிக வெம்மையான ஆண்டென்றும் உலக வானிலை நிறுவனத்தார் அறிவித்தனர். காற்று ஒரு பாகை வெம்மையுற்றால் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்யும்பொழுது ஒருங்கே கொட்டும் தன்மை மிகுகின்றது. இன்று வெளிப்படும் வாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டும் அதற்கு மேலும் காற்றிலேயே தங்கும். அமிலம் அரித்த கோடு, பூச்சை அகற்றியபின்னும் தகட்டில் நிற்பதுபோல என்க.

பாலாற்றின் துன்பமெல்லாம் இவ்வொன்றாலேயே வந்ததென்று கூறுதல் நேர்மையன்று. கருநாடகத்திற் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 222 கிலோமீட்டர் ஓடும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கின்றது. மேலே நீர் தேக்கப்படுதலும், ஆழ்கிணறுகளும், மணல் அள்ளுதலும் அதற்குக் காரணங்களாம். தோல்பதனிடும் ஆலைகளின் கழிவால் இவ்வாறு கெட்டமை குறித்து 1996-இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடுசெய்தல் வேண்டுமென்னும் நெறியும், கேடு முற்ற உறுதியாதற்கு முன்னரே காத்தல் வேண்டுமென்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்புக் கூறிற்று. வறண்டு கிடந்த அவ்வாறே 2021 நவம்பரில் இருகரையும் நிறைந்து ஓடித் தரைப்பாலங்களை மூழ்குவித்தது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளமும் இவ்வாற்றினதே. வெள்ளம் முன்னரும் உண்டு. முன்னர் அரிதாய் வந்தது இனி அடுத்தடுத்து வருதற்கு நாம் வழி திறக்கின்றோமா என்பதே வினா.

தடையும் விடையும்

ஈண்டுச் சில தடைகள் நிகழும். அவற்றை முறையே எடுத்து ஆராய்வோம்.

‘அவனன்றி ஓரணுவும் அசையாதாகலின், உலகம் வெம்மையுறுதலும் அவன் செயலே, அதனைத் தடுக்க முயல்வது அவன் செயலைத் தடுத்தலாம்’ என்பது முதற்றடை. அற்றன்று. முதல்வன் உயிர்களின் அறிவிச்சை செயல்களை விளக்கி நிற்பவன். விளக்கொளியில் ஒருவன் நூல் கற்கின்றான், ஒருவன் பொய்ப்பத்திரம் எழுதுகின்றான். ஒளியின்றி இருவர்க்கும் செயலில்லை. அதனால் பொய்ப்பத்திரம் எழுதியவன் குற்றம் விளக்கின்மேல் ஏறாது. உயிர் தன் இச்சையாற் செய்ததற்கு அவனைக் காரணமாக்குதல், ‘எல்லாம் அவன் செயல்’ என்னும் அடியார் அநுபவ வாக்கைத் தன்முனைப்பிற்குப் போர்வையாக்குதலாம். தான் செய்த நன்மையைத் தன்னதென்றும் தீமையை அவனதென்றும் கூறுபவனிடம் ஆணவம் முழுவன்மையோடு நிற்கின்றது.

‘வறட்சியாலும் வெள்ளத்தாலும் துன்புறுவோர் தத்தம் பிராரத்தத்தை நுகர்கின்றனர், அதற்கு நாம் காரணரல்லேம்’ என்பது இரண்டாந்தடை. நுகர்வோர்க்கு அது பிராரத்தம் ஆகுக. அதனைச் செய்வோர்க்கு அஃது ஆகாமியம் ஆகாதோ? ஒருவனைக் கத்தியாற் குத்தியவன், ‘குத்துண்டவன் தன் வினையை நுகர்ந்தான்’ என்று கூறித் தப்பவொண்ணாமை எவர்க்கும் தெரியும். குத்தியவன் தூரத்தில் நின்றான் என்பதும், கத்தி புகையுருவாய் இருந்தது என்பதும், குத்துண்டவர் பலராயும் இன்னும் பிறவாதாராயும் உளர் என்பதும் வினையின் இயல்பை மாற்றா. தகட்டில் இடப்புறம் கீறியது தாளில் வலப்புறம் தோன்றுமென்று மேலே கூறினேம். எரித்துச் செல்வமீட்டிய நாடுகள் ஒருபுறமிருக்க, கடற்கரை மீனவரும், ஏரிப்பாசன உழவரும், எரித்தலிற் பங்கு மிகச் சிறிதே உடைய ஏழைகளும் மற்றொருபுறத்தே அதன் பயனை நுகர்கின்றனர். இடம் மாறித் தோன்றுதலால் கீறிய கை வேறாகிவிடாது.

‘துறவியர்க்கு உலகம் என்ன ஆயினும் என்? பற்றற்றார்க்கு இக்கவலையும் ஒரு பற்றே’ என்பது மூன்றாந்தடை. இத்தடையிற் சிறிது உண்மையுண்டு. ஆதலின் இதனை நின்று நோக்குதல் வேண்டும். மெய்த்துறவி எரிப்பதும் குறைவு, நுகர்வதும் குறைவு. அவனால் உலகத்திற்கு வரும் கேடு யாதுமில்லை. அவன் உலகத்தை நினையாதிருப்பினும் உலகத்திற்கு நன்றே செய்கின்றான். ஆனால் இத்தடையைக் கூறுவோர் பெரும்பாலார் நிலையாமையைப் பிறர் வருந்துங்கால் நினைவுகூர்ந்து, தாம் நுகருங்கால் மறந்துவிடுகின்றனர். உலகம் நில்லாதென்று உண்மையில் உணர்ந்தவன் அதனை விரைந்து நுகர்ந்து தீர்க்க முயலான். நுகர்ச்சிக்கு விரைபவன் நிலையாமையை வாயளவில் அறிந்தவனே.

‘ஒருவர் இருவர் குறைத்து நடப்பதால் உலகளாவிய கேடு நீங்குமோ?’ என்பது கடைத்தடை. நீங்காதென்றே கொள்வோம். பயன் முழுதும் தன்கையில் இல்லாமையால் கடமை ஒழியுமென்பது சைவநெறியன்று. சரியைத்தொண்டர் திருக்கோயிலை அலகிடுகின்றார். மறுநாளும் குப்பை சேரும் என்று அறிந்தே அலகிடுகின்றார். திருவிளக்கிடுவார் எண்ணெய் தீரும் என்று அறிந்தே இடுகின்றார். நிலையாத தொண்டினால் நிலைத்த பயனை உயிர் எய்துகின்றது. தொண்டின் காரியம் அழியினும், தொண்டு செய்த உயிரின்கண் உண்டான பக்குவம் அழிவதில்லை.

செய்யற்பாலது

ஆயின் நாம் செய்யற்பாலது யாது? இதற்கும் பழையசீவரத்தின் அண்மையிலேயே விடையுண்டு. உத்திரமேரூரிலுள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்டவை, குடவோலையால் வாரியத்தார் தெரிந்தெடுக்கப்பட்ட முறையைக் கூறுகின்றன. குடவோலை முறையை இன்று பலரும் புகழ்கின்றனர். அவ்வாரியங்களுள் ஒன்று ஏரிவாரியம் என்பதும், அதற்கென்று அறுவர் ஆண்டுதோறும் அமர்த்தப்பட்டனர் என்பதும் அத்துணை நினைக்கப்படுவதில்லை. ஏரியிற் படியும் வண்டல் ஆண்டுதோறும் வருவது. கரை ஆண்டுதோறும் கரைவது. ஒருமுறை செய்து முடித்தேம் என்று இருக்கவொண்ணாத தொழில் அது. நிலையாமையை அறிந்த ஊரார் அதற்கு விடையாகக் கண்டது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பொறுப்பு.

திருமடங்களும் திருக்கோயில்களும் இந்நெறியைத் தமதாக்கிக்கொள்ளுதல் எளிது. அவற்றிற்கு நிலமும் குளமும் நந்தவனமும் உண்டு; ஆண்டுக்கணக்கன்றித் தலைமுறைக்கணக்கில் எண்ணும் வழக்கமும் உண்டு. திருக்குளங்களையும் அவற்றிற்கு நீர் வரும் கால்களையும் தூர்எடுத்துக் காத்தல், மடத்து நிலங்களை மணலுக்கும் மண்ணுக்கும் விலைபேசாதிருத்தல், கோடையிற் பல்லுயிர்க்கும் நிழல்தரும் தலமரங்களைப் பேணுதல், விழாக்களில் எண்ணெய்ப் பொறிகளாற் செய்யும் மிகைவிளக்கையும் பேரொலியையும் குறைத்தல், கூரைமேல் விழும் கதிரவனொளியினின்று மின்னாற்றலைப் பெறுதல் முதலியன செய்யக்கூடியனவே. இவற்றால் ஒரு மடம் உலகத்தைக் காத்துவிடும் என்று யாம் கூறவில்லை. நிலையாமையை ஓதும் நா ஒருபுறமும் நிலையாதனவற்றை விரைந்து எரிக்கும் கை ஒருபுறமுமாக நிற்கும் முரண்பாடு நீங்குமென்றே கூறுகின்றோம். ஓதுவதும் ஒழுகுவதும் ஒன்றாகியவிடத்தே உபதேசம் பயன்தரும்.

அச்சோவியனிடத்து நாம் கற்கத்தக்கது இன்னுமொன்றுண்டு. இத்தனை படிகளே என்று அவன் தொடக்கத்திலேயே எல்லை வகுத்துக்கொள்கின்றான். தகடு மேலும் சில படிகளைத் தருமாயினும் எடுப்பதில்லை. எடுத்தால் கோடு மழுங்குமென்பதும், முன்னர்ப் படி பெற்றார்க்குச் சொன்ன சொல் தவறுமென்பதும் அவன் அறிவான். பொருள் எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்து, தன் ஆசையை அவ்வளவிற்குள் நிறுத்தும் இவ்வடக்கமே நம் நூல்கள் இல்லறத்தார்க்கும் துறவறத்தார்க்கும் பொதுவாக விதித்த ஒழுக்கம்.

இதுகாறும் கூறியவாற்றான், நிலையாமை பற்றைத் துறத்தற்குக் கருவியாமேயன்றிப் பொறுப்பைத் துறத்தற்குக் கருவியாகாதென்பதும், உள்ளது அழியாதென்னும் சற்காரியவாதம் எரித்தவன் தான் எரித்ததற்குக் கணக்குக் கொடுத்தே தீர்தல் வேண்டுமென்பதை நிறுவுமென்பதும், முதல்வனது சங்காரம் அருளாதலின் உயிர்கள் ஆசையாற் செய்யும் கேட்டிற்கு அது மேற்கோளாகாதென்பதும் பெறப்பட்டன. ஒடுக்குதற்கு உரியவன் ஒருவன் உளன். அதற்குரிய காலமும் அவனே அறிவன். அதுவரையும் இத்தகடு பிற உயிர்கட்கும் உரியது. இதன்கண் மாறுபட்ட கருத்துடைய அறிஞர் உளராயின், அவர்தம் காரணங்களையும் எடுத்துரைப்பாராக. ஆராய்ச்சி தெளிவுறுதற்கு அது பெரிதும் துணையாகும்.